மடிசன் கவுண்டிப் பாலங்கள்: நாவலொன்றும் அதன் வாசகரும்

சென்ற ஆண்டு எமது கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் கடல் கடந்த நாடொன்றிலிருந்து நூலகத்துக்கென அனுப்பிய பெட்டியிலே, கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்கும் பௌதிக நூல்களுக்கும் நடுவே, நூற்றெழுபது பக்கமளவில் மெலிந்த ஆங்கில நாவலொன்றும் இருந்தது. றொபேட் ஜேம்ஸ் வோலர் என்னும் அமெரிக்கர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மடிசன் கவுண்டிப் பாலங்கள்' என்பதே அது. மற்றை நூல்களெல்லாம் இலக்கமிடப்பெற்று உரிய தட்டுகளை அடைந்துவிட, இது ஒன்று மாத்திரம் நூலகரின் மேசையிலே பலநாட் கிடந்தது. மாணவர் பயிலும் இடத்திலே மணமான பெண்ணொருத்தி பிறனொருவனைக் காதலித்த கதை இருத்தல் தகுமோ என்று ஒரு சாரார் வினவினர். ஒழுக்கம் கிடக்க, இத்துணை மலிந்த எழுத்துக்கு இடமளித்தல் தகுமோ என்று மற்றொரு சாரார் வினவினர். நூலகக் குழுவில் ஒருவனாயிருந்தமையால் யானும் அதனைப் படிக்க வேண்டியவனானேன். ஒரு மாலைப் பொழுதிலே படித்து முடித்தேன். பின்னர் மேலும் இருமுறை படித்தேன். முதன்முறை உண்டான எரிச்சல் மூன்றாமுறை ஒருவகை மரியாதையாய் மாறியிருந்தது. அம்மரியாதை நூலாசிரியரைச் சார்ந்ததன்று என்பதை முதற்கண்ணே கூறிவிடுகின்றேன்.

கதை மிகச் சிறியது. 1965ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே மடிசன் கவுண்டி என்னும் கமக்காரப் பகுதி. அங்கே பிரான்செஸ்கா என்னும் நாற்பத்தைந்து வயதுப் பெண் கணவனோடும் பிள்ளைகள் இருவரோடும் வாழ்கின்றாள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தவள், கல்வி கற்றவள், இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்கப் படைவீரனான றிச்சர்ட் ஜோன்சனை மணந்து அவனுடைய ஊருக்கு வந்தவள். சில காலம் ஆசிரியத் தொழில் புரிந்து, கணவன் அதனை விரும்பாமையால் விட்டவள். கணவனும் பிள்ளைகளும் மகள் வளர்த்த காளையைக் காட்சிக்கு வைக்க இலினோய் மாநிலக் கண்காட்சிக்குச் சென்றிருந்த வேளையிலே, றொபேட் கின்கெயிட் என்னும் ஐம்பத்திரண்டு வயது நிழற்படக் கலைஞன் வழி தவறி அவள் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றான். நஷனல் ஜியோகிறபிக் என்னும் சஞ்சிகைக்காக அப்பகுதியின் கூரைப்பாலங்களைப் படம் பிடிக்க வந்தவன் அவன். றோஸ்மன் பாலத்துக்கு வழி காட்டச் சென்றவள் நான்கு நாளிலே தன்னை அவனிடம் இழந்துவிடுகின்றாள். உடன்வருமாறு அவன் அழைக்க, அவள் மறுக்கின்றாள். அவன் போய்விடுகின்றான். அதன்பின் இருவரும் சேர்ந்து வாழ்ந்ததில்லை. 1989இல் அவள் இறந்தபின், அவள் விட்டுச்சென்ற கடிதத்தையும் குறிப்பேடுகளையும் பிள்ளைகள் படித்துத் தாயை முதன்முறையாக அறிகின்றனர்.

கூரைப்பாலம் என்பது எம்மவர் காணாத பொருளாகலின் ஒரு சொல்: சிற்றாறுகளுக்குக் குறுக்கே மரத்தால் அமைத்து, மேலே கூரையும் பக்கங்களிலே பலகைச் சுவரும் இட்ட பாலங்கள் இவை. பத்தொன்பதாய் இருந்தவை இன்று ஆறாய்க் குறைந்துவிட்டன. றோஸ்மன் பாலம் 1883இல் கட்டப்பட்டது. கூரை எதற்கெனின், வழிப்போக்கருக்கு நிழல் தருதற்கன்று. கீழேயுள்ள பெருந்தள மரங்கள் மழையில் நனைந்து உளுத்துப்போகாமற் காத்தற்கே. கூரையையும் சுவரையும் மாற்றுதல் எளிது, தளத்தை மாற்றுதல் அரிது என்பது அக்காலக் கட்டடத்தாரின் கணக்கு.

இனி, நூல் அடைந்த வாழ்வைக் கூறவேண்டும். வோலர் (1939–2017) நாவலாசிரியராய்ப் பயின்றவரல்லர். வட அயோவாப் பல்கலைக்கழகத்திலே முகாமைத்துவம் கற்பித்து, வணிகத் துறைப் பீடாதிபதியாயும் இருந்தவர். தாமே நிழற்படக் கலையிலும் இசையிலும் ஈடுபாடுடையவர். மடிசன் கவுண்டிப் பாலங்களைப் படம் பிடிக்கச் சென்றபோதே இக்கதை தோன்றியதென்பர். இரண்டு கிழமைக்குள் எழுதி முடித்தாராம். பெரும் விளம்பரமெதுவுமின்றி வெளிவந்த நூல், சிறு புத்தகக் கடைக்காரர் தம் வாடிக்கையாளரின் கையிலே கொடுத்துப் படிக்கச் சொல்லியமையால் பரவி, நியூ யோர்க் ரைம்ஸ் பட்டியலிலே மூன்று ஆண்டுக்கு மேலாக நிலைத்து, உலகெங்கும் ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. ஒப்றா வின்பிறி 1993இல் அயோவாவுக்கே சென்று தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியை இந்நூலுக்கென நடத்தினார். ஆயினும் விமரிசகர் பலர் இதனை எள்ளி நகையாடினர். இதனைப் பகிடி பண்ணுவதற்கென்றே தனி நூல்களும் எழுந்தன. இவ்வளவு பேர் விரும்பியதும் இவ்வளவு பேர் வெறுத்ததுமான காதற்கதை அண்மைக் காலத்தில் அரிதே.

எமது ஆசிரியர் அறையிலே பிரதி கைமாறத் தொடங்கியபோது, அங்கு நிகழ்ந்ததெல்லாம் இங்கும் சிறு அளவிலே நிகழ்ந்தது. ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் இளம் பட்டதாரி ஒருவர் முப்பதாம் பக்கத்திலேயே நூலை மூடிவிட்டார். பேனை பிடிக்கத் தெரியாதவன் எழுதியது என்பது அவர் தீர்ப்பு. சமய பாடம் கற்பிக்கும் நண்பர் இறுதி வரை படித்து, பத்தினிக்குரிய நெறி பிறழ்ந்தவளைப் போற்றும் நூல் என்று வருந்தினார். மற்றொருவர் இதற்கு நேர்மாறாக, மனம் ஒருவனிடமிருக்க உடல் ஒருவனிடம் வாழ்ந்தவளை ஒழுக்கமுடையவளென்று எவ்வாறு கொள்வது, போயிருக்க வேண்டியவளன்றோ என்றார். இளைப்பாறிய மூத்த ஆசிரியை ஒருவர் மாத்திரம் நூலைத் திருப்பித் தரும்போது எதுவும் கூறாது சற்று நேரம் நின்று, "அந்த றிச்சர்ட் எண்ட மனுசனும் பாவந்தானே, தம்பி" என்றார். இந்நூலைப் பற்றி யான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த விமரிசனம் அதுவே. எனினும் அதன் பொருள் எனக்குப் புலப்பட நாட்சென்றது.

நடை பற்றிய குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அது முற்றிலும் உண்மை. கின்கெயிட் வரும் பக்கங்களிலெல்லாம் ஆசிரியரின் எழுதுகோல் நிலைகொள்ளாது தத்தளிக்கின்றது. அவன் சிறுத்தை போன்றவன்; பழைய காலத்து யாத்திரிகன்; அமெரிக்காவின் கடைசி மாடோட்டி வீரருள் ஒருவன்; மனித குலத்தின் வளர்ச்சிப் பாதையிலே முட்டுச்சந்தில் வந்து நிற்கும் உயிர்வகையின் எச்சம். இவ்வாறு உவமைக்கு மேல் உவமை அடுக்கப்படுகின்றது. அவனோ தன்னைப் பற்றித் தானே இவ்வாறெல்லாம் பேசவும் வல்லவனாயிருக்கின்றான். பத்தாம் வகுப்பு மாணவன் 'யான் கண்ட பெரியார்' என்னும் கட்டுரையிலே அடைமொழிகளைச் சொரிவதை யாம் சிவப்பு மையாற் கோடிட்டுத் திருத்துகின்றோம். இப்பீடாதிபதிக்கு அவ்வாறு கோடிடுவார் எவருமில்லாதுபோயினர். புகழப்படும் பாத்திரம் செயலாலே தன்னைக் காட்டாது, ஆசிரியரின் சான்றிதழாலே நிற்குமாயின், அங்கே பாத்திரமில்லை. ஆசிரியரின் ஆசை மாத்திரமே உண்டு. நிழற்படம், கித்தார், தனிமைப் பயணம் ஆகிய வோலரின் விருப்பங்களெல்லாம் கின்கெயிட்டின் விருப்பங்களாயிருப்பதை நோக்குவார்க்கு இந்த ஆசையின் ஊற்றுக்கண் எங்குள்ளது என்பது தெரியும்.

நூல் இவ்வளவே எனின் இளம் பட்டதாரியின் தீர்ப்போடு நாமும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் பிரான்செஸ்காவின் அடுக்களைக்குள் நுழைந்தவுடன் அதே எழுதுகோல் அமைதியடைகின்றது. உணவுக்கு அழைக்கப்பட்டவன் இறைச்சி அதிகம் உண்பதில்லை என்கின்றான். மாடு வளர்த்து வாழும் ஊரிலே அவ்வாறு கூறிய ஒருவனை அவள் கண்டதில்லை. மரக்கறிகளை நறுக்கி அவள் சமைக்கின்றாள். அவன் உடனிருந்து உதவுகின்றான். நறுக்குவதற்குத் தன் வீட்டு ஆண்மகனொருவன் உதவினான் என்பதே அவளுக்குப் புதுமை. (சைவ உணவினால் ஒரு காதல் தொடங்குவதை எம் சமய ஆசிரியரும் குறைகூறவில்லை.) அவன் குளித்துப்போன குளியலறையிலே, நீர் இன்னுஞ் சொட்டிக்கொண்டிருக்கும் இடத்திலே தான் இருப்பதை அவள் உணர்தலும், நகரத்துக்குக் காரோட்டிச் சென்று புதிய உடையொன்றை வாங்கி வருதலும், அதனை அணிந்து கண்ணாடி முன் நிற்கையிலே நாற்பத்தைந்து வயது உடம்பைத் தானே அளந்து பார்த்தலும், அடங்கிய குரலிலே சொல்லப்பட்டுள்ளன. இங்கே உவமைகள் குறைவு, பொருள்கள் மிகுதி. இளமைக் காதலிலே உடம்பு தன்னை மறந்திருக்கும். நடுவயதுக் காதலிலே உடம்பு தன்னை நினைந்து நாணும். இவ்வேறுபாட்டை அறிந்தெழுதியவர் முற்றிலும் கைவன்மையற்றவராதல் இயலாது. யானும் நாற்பதைக் கடந்தவன் என்பதால் இதனை ஒரு சிறிது உறுதியோடு கூறுகின்றேன்.

ஆகவே, இந்நூலினுள்ளே இரு நாவல்கள் இருக்கின்றன என்பது என் துணிபு. ஒன்று ஆசிரியர் எழுத விரும்பிய கின்கெயிட்டின் நாவல். மற்றது அவரையறியாமலே எழுந்த பிரான்செஸ்காவின் நாவல். அது பாதியே எழுதப்பட்டது. வெறுத்தவர்கள் முன்னதைப் படித்தார்கள். விரும்பியவர்கள் பின்னதைப் படித்து, எழுதப்படாத பாதியைத் தம் வாழ்க்கையைக்கொண்டு நிரப்பிக்கொண்டார்கள். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. வாசிக்கும் பெண்கள் மூடநெஞ்சினர், கண்ணீருக்கு விலைபோகின்றவர் என்று கற்றோர் சிலர் கூறியதுதான் பொய். ஐந்து கோடி பிரதி விற்ற நூலைக் குறைகூறுதல் எளிது. ஐந்து கோடி பேர் அதனுள் எதைத் தேடினர் என வினவுதல் விமரிசகரின் கடமையில் ஒரு பகுதியன்றோ?

இனி ஒழுக்கம் பற்றிய வழக்கு. இதனை இகழ்ந்து தள்ளிவிடுதல் நேர்மையாகாது. எமது இலக்கண மரபிலேயே இவ்வினா முன்பு எழுந்துள்ளது. இளமை நீங்கியபின் எழும் காமத்தைத் தொல்காப்பியர் அன்பின் ஐந்திணையில் வையாது பெருந்திணையின்பாற் படுத்தினார். அதற்கு உரை கண்ட இளம்பூரணர், தலைவன் முதியவனாதல், தலைவி முதியவளாதல், இருவருமே இளமை கடந்தவராதல் என மூவகை கூறினார். மூன்றாம் வகைக்கு அவர் காட்டும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. இருவரும் இளமை கடந்த பருவத்திலே மனம் அறத்தின்மேற் செல்லவேண்டியிருக்க, அங்ஙனஞ் செல்லாது காமத்தின்மேற் செல்லுதலே குற்றம் என்பது அவர் கருத்து. வயது குற்றமன்று, அறத்தை விட்டமை குற்றம். கற்பியலின் ஈற்றிலும், காமம் முதிர்ந்து அமைந்த காலத்துக் கணவனும் மனைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி நல்லன செய்து வாழ்தலே அவ்வாழ்க்கையின் பயன் என்பது கூறப்படுகின்றது.

அயோவாக் கமக்காரன் மனைவியைத் தொல்காப்பியத்தால் அளக்கலாமோ என்று சிலர் நகைக்கலாம். சமய ஆசிரியர் தாமாகவே அந்த அளவுகோலை எடுத்தார். ஆகவே அதனைக்கொண்டே அளந்து பார்த்தேன். பிரான்செஸ்கா நான்கு நாள் காமத்தின் வழிச் சென்றாள், அதனை மறைப்பதற்கில்லை. ஐந்தாம் நாள் அவள் கூறுவது யாது? தான் போய்விட்டால் இவ்வூரார் தன் கணவனை நோக்கும் பார்வையையும், பிள்ளைகள் கேட்கப்போகும் பேச்சையும் அவன் வாழ்நாளெல்லாம் சுமக்கவேண்டும். அச்சுமையை அவன்மேல் வைத்துவிட்டு வந்தவள், அவன் காதலித்த பெண்ணாக இருக்கமாட்டாள் என்பதே. இது கோழைமையின் மொழியன்று. பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற கடிதத்திலே அவள் எழுதிய ஒரு கருத்து இதனினும் வியப்பானது: றொபேட் கின்கெயிட் என்னும் ஒருவன் வந்திராவிடின், தான் இத்தனை ஆண்டுகள் அந்தக் கமத்திலே தங்கியிருக்க முடிந்திருக்குமோ என்பது ஐயமே என்கின்றாள். அந்நான்கு நாட்களே பின்வந்த இருபத்துநான்கு ஆண்டுகளைத் தாங்கின என்பது அவள் சாட்சியம். காமம் அறத்துக்குப் பகையாய் வந்து அதன் தளமரமாய்க் கிடந்தது. உரையாசிரியர் வகுத்த மூவகையுள் இதற்கு இடமுண்டோ என்பதை யானறியேன். இல்லையாயின் குறை அவளதா, வகுப்பினதா என்பதைச் சமய ஆசிரியரிடம் கேட்டேன். அவர் இன்னும் விடை தரவில்லை. போயிருக்கவேண்டும் என்று வாதித்த நண்பரும் இக்கடிதத்தைக் கவனித்தாரல்லர். இருவரும் முடிவை மாத்திரம் பார்த்தனர்.

றிச்சர்டுக்கு வருவோம். நூலிலே அவனுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. நல்லவன், உழைப்பாளி, அமைதியானவன், கதவை அடித்துச் சாத்துபவருள் ஒருவன். 1979இல் அவன் இறக்குந் தறுவாயிலே மனைவியை அழைத்து, உனக்கும் உன் கனவுகள் இருந்தன என்பதை அறிவேன், அவற்றை உனக்குத் தர என்னால் இயலவில்லை, அதற்காக வருந்துகின்றேன் என்னும் பொருள்படச் சில சொற்கள் கூறுகின்றான். எதை அறிந்திருந்தான்? பாலங்களையா, கடிதங்களையா, அல்லது அவள் முகத்தை மாத்திரமா? ஆசிரியர் அதனை ஆராயாது நாலைந்து வரிகளிலே கடந்துபோய்விடுகின்றார். கின்கெயிட்டின் முழங்கைக்கும் காலணிக்கும் பக்கங்கள் செலவிட்டவர், தம் கையில் தானாகவே வந்து விழுந்த இப்பெரும் பொருளை நழுவவிட்டார். மூத்த ஆசிரியை பார்த்தது இதனையே. இருபது ஆண்டு ஒரு மேசையிலே எதிரெதிரே இருந்து உண்ட இருவருள் ஒருவர் மற்றவரின் வெறுமையை அறிந்தும் அறியாதவர்போல் வாழ்ந்தார் என்றால், தியாகம் செய்தவர் ஒருவர் மாத்திரமல்லர்.

இதே பொருளைத் திறமையுடையார் கையாண்டதும் உண்டு. நோயல் கவர்ட் எழுதிய ஓரங்க நாடகத்தைத் தழுவி டேவிட் லீன் 1945இல் இயக்கிய 'பிறீஃப் என்கவுண்டர்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்திலே, புகையிரத நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையிற் சந்தித்த வைத்தியரை நேசித்து, இறுதியில் வீட்டுக்கே மீளும் லோறாவை அவள் கணவன் இறுதிக் காட்சியிலே நோக்கிக் கூறும் நன்றிச்சொல், முன்சென்ற கதை முழுவதையும் வேறொரு வெளிச்சத்திலே காட்டிவிடுகின்றது. ஃபுளோபேரின் எம்மாவும் தோல்ஸ்தோயின் அன்னாவும் வேறு வகையினர். அவர்கள் வாழவியலாது மாண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறழ்ந்தவளைக் கதைக்குள்ளேயே கொன்று கணக்கைத் தீர்த்தது. பிரான்செஸ்காவோ சாகவில்லை, மறுநாட் காலையிலே காலையுணவு சமைத்தாள். பெரும் படைப்புகளோடு வைத்தெண்ணத்தக்க நூலன்று இது. ஆயினும் அப்பெரும் படைப்புகள் கேளாத ஒரு வினாவை இது கேட்கின்றது: பிழைத்திருந்தவள் மீந்த நாட்களை என் செய்தாள்?

அவ்வினாவுக்கு நூலிலே கிடைக்கும் விடை, ஆண்டுதோறும் பிறந்தநாளன்று அவள் தனித்திருந்து செய்யும் ஒரு சிறு சடங்கு. பழைய உறையைத் திறப்பாள், அவன் எடுத்த படத்தையும் எழுதிய கடிதத்தையும் எடுத்துப் பார்ப்பாள், மீண்டும் மூடிவைப்பாள். கணவன் இறந்தபின் அவனைத் தேடினாள், கிடைக்கவில்லை. 1982இல் சட்டத்தரணிகள் அனுப்பிய பொதியொன்று வந்தது. அவன் இறந்துவிட்டான், அவன் சாம்பல் றோஸ்மன் பாலத்திலே தூவப்பட்டது என்பது தெரிந்தது. இப்பகுதியை வோலர் விரித்திருப்பின் நல்ல நாவலொன்று கிடைத்திருக்கும். அவரோ நூலின் இறுதிப் பகுதியை, கின்கெயிட்டை அறிந்த சக்சபோன் இசைஞன் ஒருவன் அவனைப் புகழ்ந்து கூறும் நினைவுரைக்குக் கொடுத்துவிட்டார்! பத்தாண்டு கழித்து 2002இல் அவர் எழுதிய பிற்சேர்க்கை நாவலும் மீண்டும் கின்கெயிட்டின் பயணங்களின் பின்னேயே செல்கின்றது. வாசகர் காதலித்தது யாரை என்பது அவருக்கு இறுதிவரை தெரியவில்லை போலும்.

கிளின்ட் ஈஸ்ற்வூட் 1995இல் இக்கதையைத் திரைப்படமாக்கியபோது இது தெரிந்திருந்தது. திரைக்கதை எழுதிய றிச்சர்ட் லாகிறவனீஸ் கதையைப் பிரான்செஸ்காவின் பக்கமிருந்து நடத்தினார். ஆரவாரப் பேச்சுகளை வெட்டினார். தாயின் குறிப்புகளைப் படிக்கும் பிள்ளைகளின் சினத்தையும் நாணத்தையும் விரித்தார். ஈஸ்ற்வூட் தாமே நடித்த பாத்திரத்தைக் குறுக்கி, மெறில் ஸ்றீப்புக்கு இடம் விட்டுக்கொடுத்தார். மழையிலே கணவனுடைய வாகனத்தில் அமர்ந்திருக்கும் அவள் கை கதவின் பிடியை இறுகப் பற்றுகின்றது. முன்னே நிற்கும் வாகனம் திரும்பிப் போய்விடுகின்றது. ஒரு சொல்லும் இல்லை. நூலை மூடிவைத்த எம் இளம் பட்டதாரிக்கு இப்படத்தைப் பார்க்குமாறு கூறினேன். பார்த்தபின், படம் நன்று, நூல் இன்னும் மோசம் என்றார். இரண்டும் உண்மையே.

நூலின் முகப்பிலே இது நிகழ்ந்த கதை என்பதுபோல ஆசிரியர் பாவனை செய்தமையால், அப்படங்கள் வெளிவந்த இதழைக் கேட்டு நஷனல் ஜியோகிறபிக் நிறுவனத்துக்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. அத்தகைய இதழுமில்லை, அத்தகைய கலைஞனுமில்லை என்று அவர்கள் விடை கூறவேண்டியதாயிற்று. இதனை வாசகரின் பேதைமைக்குச் சான்றாகச் சிலர் காட்டுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர்கள் தேடியது கின்கெயிட்டை அன்று. இப்படியொரு பெண் வாழ்ந்திருந்தாள் என்பதற்கு ஒரு சான்றையே தேடினர்.

நூலகக் குழு இரண்டாமுறை கூடியபோது யான் மேற்கூறியவற்றுட் சிலவற்றைக் கூறினேன். உயர்தர வகுப்பு மாணவர் இதனைப் படித்தால் கெடுவரோ என்று ஒருவர் கேட்டார். பதினெட்டு வயதினர் இதனை முடிவுவரை படிக்கவே மாட்டார், அவர்களுக்கு இது கிழவர் கதை என்று மூத்த ஆசிரியை சொல்ல, அனைவரும் சிரித்தனர். அதனோடு வழக்கும் தீர்ந்தது. நூல் இப்போது ஆங்கிலப் பகுதியிலே, ஜேன் ஒஸ்ரினுக்கு இரு தட்டுக் கீழே இருக்கின்றது. இரவற் சீட்டிலே இதுவரை ஐந்து பெயர்கள் உள்ளன. ஐவரும் ஆசிரியர்கள்.